மூடியைக் கழற்றியவர்

பொகவந்தலாவை
04.12.2023

அன்புள்ள சித்திக்கு,

பிரேமினி எழுதுகிறேன். நானும் அம்மாவும் இருக்கிறோம். நீங்களும் தங்கச்சி சுலக்ஷனாவும் சுகமாக இருக்க வேண்டும்.

இது இடது கை எழுத்து. இந்த ஆறு வரி எழுத ஒரு மணித்தியாலம் ஆனது. தினமும் ஒரு பக்கம் எழுதிப் பழக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் தாதி மிஸ் சொன்னார். பத்திரிகையைப் பார்த்து எழுதினால் தூக்கம் வருகிறது. நீங்கள் கடிதம் போடுங்கள், நான் பதில் எழுதுகிறேன். போன் வேண்டாம். போனில் எல்லாரும் அழுகிறார்கள்.

வலது கையில் மூன்று விரலும் போன இடம் குளிருக்குக் கடுக்கிறது. மற்றபடி வலி இல்லை. மில் திறந்துவிட்டதா?

உங்கள் மகள்,
பிரேமினி


தலவாக்கலை
12.12.2023

என் தங்க மகள் பிரேமினிக்குச் சித்தி எழுதிக்கொள்வது.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நான் இரண்டு கையாலும் எழுதினாலும் உன் இடது கை எழுத்துக்குக் கிட்ட வர முடியாது, கவலைப்படாதே. இங்கே இரண்டு பேருக்கும் சுகத்துக்குக் குறைவில்லை. சுலக்ஷனாவுக்கு ஜனவரியில் உயர்தரப் பரீட்சை. புத்தகத்தை விரித்து வைத்து அதன் மேலேயே தூங்குகிறாள். அவளுடைய அப்பா இருந்திருந்தால் எழுப்பியிருப்பார். அவர் போய் ஆறு வருடமாகிறது, எழுப்புகிற வேலையும் என் தலையில்தான்.

மில் பூட்டித்தான் கிடக்கிறது. தொழில் திணைக்களக் கந்தோரிலிருந்து அதிகாரிகள் இரண்டு தரம் வந்து அளந்து, படம் பிடித்துக்கொண்டு போனார்கள். எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி. பெல்ட்டுக்கு மேல் இருந்த இரும்பு மூடியை ஏன் கழற்றினீர்கள்? ஆயுத பூசைக்கு மெசினைக் கழுவிப் பொட்டு வைப்போம், பெல்ட் சுற்றும் சில்லுக்கு மாலை போடுவதற்காக மூடியைக் கழற்றுவோம், மறுநாள் விஜயதசமிக்கு நல்ல நேரம் பார்த்து மாலையோடு ஒரு சுற்று மஞ்சள் அரைத்த பிறகுதான் மாலையை எடுத்து மூடியைப் பூட்டுவோம் என்று மில்லில் எல்லாருக்கும் மூத்தவரான பழனியாண்டி அண்ணன்தான் விளக்கினார். அந்த அதிகாரிக்கு அது விளங்கவே இல்லை. சிங்களத்தில் இரண்டு தரம் கேட்டுவிட்டு, கடைசியில் தமிழிலேயே கேட்டார். "மாலையோட மெசின் ஓட்டுறதா?"

இத்தனை வருடம் ஓட்டினோம். ஒன்றும் ஆகவில்லை. இந்த வருடம் மாலை பெல்ட்டில் சுற்றி, உன் கையையும் இழுத்துக்கொண்டது.

முனாப் முதலாளியைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. பூசைக்கு அவர் மில்லுக்குள் வருவதில்லை, உனக்குத் தெரியும். "இண்டைக்கு மெசின் உங்கட" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிற மனிதர். இப்போது அவர் மேல் நீதிமன்றத்தில் வழக்கு. நமக்கு நியமனக் கடிதம் கொடுக்கவில்லை, விபத்தை நேரத்துக்கு அறிவிக்கவில்லை என்று வரிசையாகக் குற்றம்.

நேரத்துக்குச் சாப்பிடு. அக்காவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சித்தி சண்முகவடிவு


பொகவந்தலாவை
29.01.2024

அன்புள்ள சித்திக்கு,

தைப்பொங்கல் முடிந்து நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சுலக்ஷனா பரீட்சையை நன்றாக எழுதினாளா? எனக்குக் காய்ச்சல் வந்து போனது. இப்போது அரை மணித்தியாலத்தில் ஒரு பக்கம் எழுதுகிறேன்.

ஹட்டனில் ஏழைகளுக்குக் கட்டணம் வாங்காமல் வழக்குப் பேசும் ஷிபானா என்ற சட்டத்தரணியை அம்மா போய்ப் பார்த்தாள். அவர் எனக்காக நட்டஈட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறார். வேலை செய்யும் இடத்தில் கை போனால் முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும், முதலாளி மேல் பிழை இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை என்றார். அம்மா அன்று இரவு நன்றாகத் தூங்கினாள்.

போன கிழமை முதலாளியின் பதில் வந்தது. பிரேமினி என் மில்லில் வேலை செய்தவள்தான், அதை மறுக்கவில்லை, ஆனால் பாதுகாப்பு மூடியை அவளே கழற்றினாள் என்று எழுதியிருக்கிறார். பழனியாண்டி மாமா அப்படிச் சொன்னாராம். நான் சில்லுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்தாராம்.

வேலை செய்கிறவர் தானே வேண்டுமென்று மூடியைக் கழற்றியிருந்தால் நட்டஈடு கிடையாது, சட்டத்தில் அப்படி இருக்கிறது என்று ஷிபானா மிஸ் சொன்னார். யார் கழற்றினது என்று என்னிடம் கேட்டார். ஞாபகம் இல்லை என்றேன்.

மெசின் அறையில் நாம் இரண்டு பேர்தான் இருந்தோம் சித்தி. மாமா வாசலில் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். யார் கழற்றினது என்று எனக்கு எழுதுங்கள்.

பதிலைப் பார்த்திருக்கும்,
பிரேமினி


தலவாக்கலை
18.03.2024

அன்பு மகளுக்கு,

உன் சுகத்தையும் அக்காவின் சுகத்தையும் அறிய ஆசை. பதில் எழுதப் பிந்திவிட்டது. சுலக்ஷனாவின் பரீட்சை, பிறகு எனக்கு இருமல், பிறகு மழை, இப்படியே நாள் ஓடிவிட்டது.

மில்லைத் திறந்துவிட்டார்கள். பெல்ட்டுக்குப் புது மூடி. அதைத் திறந்தால் மெசின் தானாக நின்றுவிடும். முதலாளி எங்களுக்கு நியமனக் கடிதம் கொடுத்திருக்கிறார். சண்முகவடிவு, அரவைப் பிரிவுப் பொறுப்பு என்று போட்டிருக்கிறது. பொறுப்பு என்றால் காலையில் முதலில் வந்து மாலையில் கடைசியாகப் போவது என்று பழனியாண்டி அண்ணன் கேலி செய்கிறார்.

நீ கேட்டிருந்தாய். அன்றைக்கு இருந்த அவசரத்தில் யார் எதைச் செய்தார்கள் என்று யாருக்கு மகளே ஞாபகம் இருக்கிறது? நல்ல நேரம் போகிறது என்று எல்லாரும் பறந்துகொண்டிருந்தோம். நீ அதையே நினைத்துக்கொண்டிருக்காதே. மனம் விட்டால் உடம்பும் விட்டுவிடும்.

இத்துடன் ஒரு ஜெர்சி அனுப்பியிருக்கிறேன். நீல நிறம் உனக்கு எடுக்கும்.

அன்புடன்,
சித்தி


பொகவந்தலாவை
02.04.2024

அன்புள்ள சித்திக்கு,

நலம். ஜெர்சி அளவாக இருக்கிறது. பொத்தானை என்னால் போட முடியவில்லை, அம்மா போட்டுவிட்டாள்.

தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதியப் போனேன். வேலைக்கு ஆள் எடுக்கும் கண்டாக்கு ஐயா என் கையைப் பார்த்துவிட்டு, கொழுந்து எப்படி எடுப்பாய் என்றார். திரும்பி வந்துவிட்டேன். எனக்கு இருபத்திரண்டு வயது சித்தி. இந்தக் கையை வைத்துக்கொண்டு இனி நான் என்ன செய்யப் போகிறேன் என்று அம்மா என்னிடம் கேட்பதில்லை. பக்கத்து லயத்து வீட்டு ஆட்களிடம் கேட்கிறாள்.

விசாரணை ஆகஸ்ட் 27ஆம் திகதி, ஹட்டனில்.

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை.

பிரேமினி


தலவாக்கலை
06.06.2024

அன்பு மகளுக்குச் சித்தி எழுதுவது.

மழை பிடித்துக்கொண்டது, நீயும் அக்காவும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சுலக்ஷனா பாஸ். மூன்று பாடமும் பாஸ். கம்பசில் படிக்க எடுபடுவாள் என்று டீச்சர் சொன்னார். முதலில் உனக்குத்தான் எழுத வேண்டும் என்று நினைத்தேன். எழுதுவதற்கே ஒரு கிழமை ஆகிவிட்டது.

ஒரு விசயம் சொல்ல வேண்டும். விசாரணைக்கு முதலாளி என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறார். மறுக்க முடியவில்லை. அவருடைய சம்சாரம் ஜெமீலா என் கையைப் பிடித்துக்கொண்டு, மில் போய்விட்டால் நாங்கள் நடுத்தெருவில் நிற்போம் என்று அழுதார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வந்துவிடுவேன், உனக்கு எதிராக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

முதலாளி இன்னொன்றும் சொன்னார். நீ விண்ணப்பத்தை வாபஸ் வாங்கினால், மிளகாய்த்தூள் பைக்கட் ஒட்டும் வேலை தருவாராம். உட்கார்ந்து செய்கிற வேலை. நிரந்தரம், கடிதமும் தருவார். சித்தியோடு இங்கேயே இருக்கலாம். வழக்கு வம்பு என்று அலைவதைவிட இது நல்லதல்லவா? யோசித்துப் பார். அக்காவிடம் இப்போது சொல்லாதே.

அன்புடன்,
சித்தி


பொகவந்தலாவை
14.06.2024

அன்புள்ள சித்திக்கு,

நாங்கள் நலம். சுலக்ஷனா பாஸ் பண்ணியது எனக்குச் சந்தோசம். உண்மையாகவே சந்தோசம். அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன், கொடுங்கள்.

பைக்கட் வேலையை யோசித்தேன். அந்த மெசின் சத்தம் கேட்கிற இடத்தில் நான் எப்படி உட்கார்ந்திருப்பேன்? பஸ் எஞ்சின் பெல்ட் சத்தத்துக்கே எனக்கு வியர்க்கிறது. அந்த வேலை வேண்டாம்.

ஆனால் உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். நானே கழற்றினேன் என்று விசாரணையில் சொல்லிவிடட்டுமா? முதலாளி தப்பிப்பார். மில் இருக்கும். உங்கள் வேலையும் இருக்கும், சுலக்ஷனா கம்பசுக்குப் போவாள். எனக்கு மட்டும் ஒன்றும் கிடைக்காது. நீங்கள் சரி என்று ஒரு வரி எழுதினால் போதும், அப்படியே சொல்கிறேன்.

பிரேமினி


தலவாக்கலை
20.06.2024

பிரேமி,

சுகம் விசாரிக்கவும் எனக்கு வாய் வரவில்லை.

மூடியைக் கழற்றியது நான். உனக்கு ஞாபகம் இல்லாவிட்டாலும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் பழனியாண்டி அண்ணன்தான் கழற்றுவார். அன்று அவர் பூசைச் சாமான் வாங்கக் கடைக்குப் போய் வரப் பிந்தி, வந்ததும் வாசலில் பூசணிக்காய் வெட்டப் போய்விட்டார். நான் ஸ்பேனரை எடுத்து நாலு நட்டையும் கழற்றி, மூடியைச் சுவரோடு சாத்தி வைத்தேன். நீ என் பக்கத்தில் பூக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாய். மறுநாள் காலையில் மூடி இல்லாமலே சுவிட்சைப் போட்டதும் நான்தான்.

பொலிஸ் கேட்டபோது தெரியாது என்றேன். ஆஸ்பத்திரியில் நீ கண்ணை மூடிக் கிடந்தாய், அப்போது வாயில் வந்த சொல் அது. ஒரு தரம் சொன்ன பிறகு மாற்றிச் சொல்லப் பயம். உன்னை அக்காவிடம் கெஞ்சிக் கூட்டி வந்து மில்லில் சேர்த்தவள் நான். என்னால்தான் என்று தெரிந்தால் அக்கா என் முகத்தில் விழிப்பாளா? முதலாளி வேலையில் வைத்திருப்பாரா? நான் வேலைக்குப் போகாவிட்டால் எங்கள் அடுப்பு எரியாது. இதையெல்லாம் நினைத்து நினைத்தே வாயை மூடிக்கொண்டேன். பழனியாண்டி அண்ணன் உன் பெயரைச் சொன்னபோதும் நான் அங்கேதான் நின்றேன்.

நீ கழற்றியதாகச் சொல்லாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன். உன்னிடம் சொல்லிவிட்டேன். ஹட்டனில் அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்குத் தைரியம் வருமா என்று தெரியவில்லை.

பாவி,
சித்தி


பொகவந்தலாவை
05.07.2024

அன்புள்ள சித்திக்கு,

நானும் அம்மாவும் சுகம். உங்கள் கடிதத்தை அம்மாவுக்குக் காட்டவில்லை.

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. முதல் நாளிலிருந்தே இருக்கிறது. நீங்கள் நட்டுக் கழற்றும்போது ஸ்பேனர் வழுக்கிக் கையில் பட்டு, சூப்பிக்கொண்டீர்கள். நான் சிரித்தேன். இதையெல்லாம் எப்படி மறப்பேன்? சுலக்ஷனாவுக்குப் பரீட்சை வந்துகொண்டிருந்தது, உங்களுக்கு வேலை போகக் கூடாது, அதனால் மறந்துவிட்டேன் என்று சொன்னேன். பரீட்சை முடிந்ததும் நீங்களாகவே சொல்லுவீர்கள் என்று பார்த்திருந்தேன்.

நீங்கள் எழுதியதிலும் ஒன்று குறைகிறது. மெசின் ஓடத் தொடங்கியதும் மாலை பிய்ந்து பெல்ட்டுக்குள் போனது. நான் தள்ளித்தான் நின்றேன். "மாலையப் புடி பிரேமி, அறுந்தா அபசகுனம்" என்று ஒரு குரல் கேட்டது. அதனால்தான் கையை நீட்டினேன்.

அந்தக் குரல் யாருடையது என்று எனக்கு எழுத வேண்டாம். ஹட்டனில் சொல்லுங்கள்.

பிரேமினி


தலவாக்கலை
01.09.2024

அன்பு மகளுக்கு,

நீ சுகமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பாய். இரண்டு மாதம் உனக்கு எழுதாமல் இருந்தேன். எழுதினால் இன்னொரு சாக்குத்தான் எழுதியிருப்பேன்.

நீயும் அங்கே இருந்தாய், எல்லாம் பார்த்தாய். ஆனாலும் என் பக்கத்தையும் எழுதிவிடுகிறேன். காலையில் முதலாளியின் வேனில்தான் ஹட்டனுக்கு வந்தேன். வழியில் அவர் ஒன்றுமே சொல்லிக் கொடுக்கவில்லை. நடந்தத சொல்லுங்க வடிவு, போதும் என்றார். அவர் அப்படிச் சொன்னது என்னை இன்னும் கொன்றது. பொய் சொல்லச் சொல்லியிருந்தால் அவர் மேல் பழியைப் போட்டிருப்பேன்.

உள்ளே வந்ததும் முதலில் உன்னைத்தான் பார்த்தேன். நீ அந்த நீல ஜெர்சியைப் போட்டுக்கொண்டு அக்கா பக்கத்தில் இருந்தாய். நட்டஈட்டு ஆணையாளர் கேட்டதை மொழிபெயர்ப்பவர் தமிழில் உன்னிடம் கேட்டார். நீ எழுந்து சொன்ன சொல் இன்னும் என் காதில் இருக்கிறது. "மூடியக் கழட்டுனது நான் இல்லீங்க. கழட்டுனவங்க இந்த அறையிலதான் இருக்காங்க. அவங்களே சொல்லட்டும்." என் பக்கம் நீ பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் நான் அழுது, அழுகையிலேயே தப்பியிருப்பேன்.

அதன் பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நான் கழட்டினேன், நான் சுவிட்ச் போட்டேன், மாலையைப் புடின்னு கத்தினதும் நான்தான், அவ சின்னப் பிள்ளை, நான் சொன்னதைச் செஞ்சா என்றேன். மொழிபெயர்ப்பவர் கடைசி வரியை மறுபடியும் சொல்லச் சொன்னார். ஒரு தரம் சொல்லவே பத்து மாதம் எடுத்தவளுக்கு அது எவ்வளவு பாரம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? சொன்னேன்.

முதலாளி சத்தம் போடவில்லை. வெளியே வந்ததும் என்னிடம், "இத அண்டைக்கே சொல்லியிருந்தா, அந்தப் புள்ளைட பேர நான் எழுதியிருக்க மாட்டேனே வடிவு" என்று மட்டும் சொன்னார். வேனில் ஏற்றிக்கொள்ளவில்லை. பஸ் ஸ்டாண்டில் அக்காவிடம் வந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பஸ்ஸில் ஏறி மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் மில்லுக்குப் போனேன். ஜெமீலா வாசலிலேயே நிறுத்தி, அவர் உங்களை இனி வர வேண்டாம் என்கிறார் என்றார். நியமனக் கடிதத்தின்படி முன்கூட்டியே அறிவித்தல் கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும், அதைக் கேட்கலாம் என்று பழனியாண்டி அண்ணன் சொல்கிறார். நான் கேட்கப் போவதில்லை. நுவரெலியாப் பக்கம் மரக்கறித் தோட்டத்தில் களை எடுக்கப் போகிறேன். காலை நாலரைக்கு லொறி வரும். சுலக்ஷனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் எனக்குச் சோறு கட்டித் தந்தாள்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. முடிவு வந்ததும் எழுது. எழுதாவிட்டாலும் குறை நினைக்க மாட்டேன்.

சித்தி


பொகவந்தலாவை
10.10.2024

அன்புள்ள சித்திக்கு,

நானும் அம்மாவும் நலம். நீங்களும் சுலக்ஷனாவும் நலமாக இருங்கள். மரக்கறித் தோட்டத்தில் மருந்து அடிக்கிற நாளில் வாயைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

முடிவு வந்துவிட்டது. எனக்கு நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. மில்லை விற்காமல் கட்டுவதற்கு முதலாளிக்குத் தவணை கொடுத்திருக்கிறார்கள். தவணையைக் கேட்டது ஷிபானா மிஸ்தான், நான் சொல்லித்தான் கேட்டார். அந்த மில்லில் இன்னும் ஐந்து பேர் வேலை செய்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை முதலாளி லயத்துக்கே வந்தார். என் பெயரை எழுதியது பிழை என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா தேத்தண்ணீர் கொடுத்தாள், குடித்தார். சித்தியை மறுபடியும் வேலைக்குக் கூப்பிடுங்கள் என்று அவரிடம் கேட்க நினைத்தேன். வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவர் போன பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்கவில்லை என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

அம்மாவிடம் உங்கள் பேச்சை எடுத்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போய்விடுகிறாள். வீட்டில் தண்ணீர் நிறைந்திருந்தாலும் போகிறாள்.

சித்தி, என் கை போனதற்கு உங்களை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அது உங்களுக்கு நடந்திருக்கலாம், மாமாவுக்கு நடந்திருக்கலாம். மாலை அறுந்தால் நானும் கத்தியிருப்பேன். எனக்குக் கோபம் அதற்கில்லை. பழனியாண்டி மாமா என் பெயரைச் சொன்னபோது நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது. ஒவ்வொரு தபாலுக்கும் தோட்டத்து ஆபீசுக்கு நடந்து போய் நின்றேன். ஜெர்சி வந்தது. வேலை வந்தது. நீங்கள் வரவில்லை.

ஆனால் அந்த அறையில் நீங்கள் எழுந்து நின்று, சேலைத் தலைப்பை முறுக்கி முறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னீர்கள். நான் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பார்த்தேன்.

இந்தத் தீபாவளிக்கு வர வேண்டாம். அம்மாவுக்கும் எனக்கும் இன்னும் ஆறவில்லை. பொங்கலுக்கு வாருங்கள். அதற்குள் என் கோபம் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். தீராவிட்டாலும் வாருங்கள்.

உங்கள் மகள்,
பிரேமினி